புதுச்சேரி லாஸ்பேட்டை வீட்டில் அடைப்பு எடுத்தவர்கள்

கழிப்பறையில் தண்ணீர் ஊற்றினால் குளியலறைத் தரைச் சல்லடை வழியே குபுகுபுவென்று மேலே வந்தது. ஓரிடம் மட்டும் தேங்கினால் அந்தக் கிளைக் குழாயில் அடைப்பு. இரண்டும் சேர்ந்து பொங்கினால் தெருவுக்குப் போகும் பிரதானக் குழாயில்தான் கோளாறு. இது புரியாமல் 2 பாட்டில் ஆசிட்டை வீணாக்கினேன்.

முதலில் வந்தவர் மூங்கில் பிளாச்சால் குத்திவிட்டு 500 ரூபாய் வாங்கிப் போனார். மூன்றாம் நாள் மறுபடியும் பொங்கியது.

அடுத்து வந்த முத்தியால்பேட்டைக்காரர்கள், “ஆசிட் ஊற்றினீர்களா?” என்றுதான் முதலில் கேட்டார்கள். கழிவுநீர்த் தொட்டிக்குள் யாரும் இறங்கவில்லை. வெளியே நின்றே உயர் அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சினார்கள். சடைசடையாக வேப்ப வேர்! 4 அங்குலக் குழாயின் இணைப்பில் நுழைந்திருக்கிறது. அங்கே மட்டும் தோண்டிப் புதுக் குழாய் பொருத்தினார்கள். வந்தது 2 மணி நேரம் தாமதம். வாசல் சேற்றையும் நான்தான் கழுவினேன். ஆனால் ஐப்பசி மழை முழுக்கச் சல்லடை வழியே தண்ணீர் பொங்கவில்லை.