ஹோலா மொஹல்லாவா, பந்தி சோர் திவஸா?

பஞ்சாபுக்கு ஒரே ஒரு முறை சென்று சீக்கியப் பண்டிகை ஒன்றைக் காண விரும்புவோர் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையில்தான் தயங்குகின்றனர்.

பொருள்: ஹோலா மொஹல்லா, 1701-இல் சீக்கியரின் பத்தாம் குருவான குரு கோவிந்த் சிங் ஆனந்த்பூர் சாகிபில் ஹோலிக்கு மறுநாள் போர்ப்பயிற்சிக்கென ஏற்படுத்திய விழா. பந்தி சோர் திவஸ், ஆறாம் குருவான குரு ஹர்கோவிந்த் குவாலியர் கோட்டையிலிருந்து விடுதலை பெற்றதைக் குறிக்கிறது. தம்முடன் சிறைப்பட்டிருந்த 52 அரசர்களையும் விடுவித்தாலன்றி வெளியேற மறுத்த அவர், தம் அங்கியில் தைத்த குஞ்சங்களை ஆளுக்கொன்றாகப் பற்றிக்கொள்ளச் செய்து அனைவரையும் அழைத்து வந்தார் என்பது மரபு. பிறர் விடுதலையையும் தன் விடுதலையாகக் கருதிய இந்த நிகழ்வு, எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட நெருக்கமானது.

காட்சி: ஆனந்த்பூரில், நீலத் தலைப்பாகையில் எஃகு வளையங்கள் அணிந்த நிஹங்குகள் எனும் சீக்கியப் போர்வீரர்கள், ஓடும் இரு குதிரைகளின் முதுகில் காலுக்கொன்றாக ஊன்றி நின்றபடி புழுதி பறக்க விரைகின்றனர். அமிர்தசரஸில், பந்தி சோர் திவஸ் கொண்டாடப்படும் தீபாவளி இரவில் பொற்கோயில் குளக்கரையெங்கும் ஏற்றப்படும் அகல்களின் சுடர் நீரில் நடுங்குகிறது.

வசதி: அமிர்தசரஸுக்கு விமானமும் ரயிலும் உண்டு, ஆனந்த்பூர் சிற்றூர், கூட்டமோ பெரிது. குருத்வாராக்களின் பொதுச் சமையற்கூடமான லங்கரின் உணவு இரண்டிடத்திலும் இலவசம்.

முதியோருடன் செல்வோருக்கும் அமைதியான வழிபாட்டை நாடுவோருக்கும் பந்தி சோர் பொருந்தும். தீட்சை பெற்ற சீக்கியரின் அமைப்பான கால்சாவின் வீர மரபை நேரில் காண விரும்பி, வெயிலையும் நெரிசலையும் தாங்கக்கூடியவர்கள் மார்ச் மாதத்தில் ஆனந்த்பூர் செல்லலாம்.