லிசெஸில் குதிரை–பிஷப் மேட் கற்பது: பிராக்டிஸ், டேபிள்பேஸ் எப்படி இருக்கின்றன?

2013 மே மாதம் ஜெனீவாவில் மகளிர் செஸ் கிராண்ட் ப்ரீ. அப்போதைய மகளிர் உலக சாம்பியன் அன்னா உஷெனினாவிடம் குதிரையும் பிஷப்பும். ஓல்கா கிர்யாவிடம் தனி ராஜா. ஜெயித்தே தீர வேண்டிய நிலை. காய் வெட்டோ சிப்பாய் நகர்த்தலோ இல்லாமல் 50 நகர்த்தல் போனால் டிரா என்பது விதி. ஆனால் 50 நகர்த்தலுக்குள் மேட் (ராஜாவைத் தப்ப வழியின்றி மடக்குவது) விழவில்லை, ஆட்டம் டிரா ஆனது. உலக சாம்பியனுக்கே இந்த நிலை என்றால், போட்டிக்குப் போகும் எவரும் இந்த மேட்டை ஒதுக்க முடியாது. அதைக் கற்க லிசெஸ் என்ற இணையச் செஸ் தளம் எவ்வளவு உதவுகிறது என்பதே இந்த மதிப்பீடு.

செலவு எதுவும் இல்லை. விளம்பரமும் கிடையாது. 'லேர்ன்' மெனுவில் 'பிராக்டிஸ்' பகுதிக்குப் போனால் குதிரை–பிஷப் மேட்டுக்கென்றே தனிப் பாடம் இருக்கிறது. நாம் நகர்த்த, எதிர்ப்பக்கம் இயந்திரம் தற்காத்து ஆடும். விளக்கங்கள் ஆங்கிலத்தில்தான், சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர் கூட இருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த மேட்டில் முதலில் மனத்தில் நிற்க வேண்டியது மூலையின் நிறம். பிஷப் வெள்ளைக் கட்டத்தில் ஓடினால் ஏ8, எச்1 மூலைகளில் மட்டுமே மேட்டுக்குத் தள்ள முடியும். எதிரி ராஜா கறுப்பு மூலைக்குத்தான் ஓடும். அங்கிருந்து அதை ஓரமாகவே அடுத்த மூலைக்கு ஓட்டிவருவதில்தான் ஆட்டம் தடுமாறுகிறது.

வெள்ளை ராஜா எஃப்6, குதிரை எஃப்7, பிஷப் இ4, கறுப்பு ராஜா ஜி8 என்று வைத்துப் பாருங்கள். கறுப்பு எஃப்8 போனதும் பிஷப் எச்7. திரும்பும் வழி அடைபட்டது. ராஜா இ8, குதிரை இ5. இப்போது ராஜா டி8 வழியாக வெளியே ஓடுவது போலத் தெரியும். பலர் பதறிப்போய் செக் கொடுக்க ஆரம்பிப்பது இங்கேதான். வேண்டாம். வெள்ளை ராஜாவை இ6க்குக் கொண்டுவாருங்கள். கறுப்பு சி7 போனால் குதிரை டி7, அடுத்து பிஷப் டி3. கறுப்பு சி6க்கு வந்தால் பி5ஐ பிஷப் பார்க்கிறது, பி6, சி5 இரண்டும் குதிரையின் கையில், டி பக்கம் நம் ராஜா. வேலி போட்டாயிற்று. கறுப்பு ஓடாமல் ஓரத்திலேயே நின்றால் குதிரை எஃப்7, இ5, டி7, சி5, பி7 என்று ஆங்கில டபிள்யூ எழுத்தைப் போலப் போகும்.

சரியாக ஆடினால் அதிகபட்சம் 33 நகர்த்தல் போதும். அதாவது கையில் 17 உபரி. ராஜாவை ஒருமுறை தப்பவிட்டால் சமாளிக்கலாம். இரண்டாம் முறை விட்டால் கணக்கு பெரும்பாலும் தீர்ந்துவிடும். கடைசியாகக் காய் வெட்டுப்பட்ட இடத்தில் ஸ்கோர் ஷீட்டில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் எண்ணுவது சுலபம்.

டேபிள்பேஸ் அனாலிசிஸ் போர்டில், புத்தகப் படத்தை அழுத்தினால் வரும். ராஜாக்களையும் சேர்த்து 7 காய் வரை எந்த நிலைக்கும் வெற்றியா, டிராவா என்று தவறில்லாமல் சொல்லும், முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த சிசிஜி (Syzygy) தரவு அது. ஆடுவதற்கு முன்பே அதைத் திறந்துவிடாதீர்கள். அது காட்டுவது மிகக் குறுகிய வழி. டபிள்யூ முறையோடு அது பல இடங்களில் ஒத்துப்போகாது, ஏன் அந்த நகர்த்தல் என்ற காரணமும் வராது. ஆடி முடித்தபின் ஒவ்வொரு நகர்த்தலாகப் பின்னோக்கிப் பாருங்கள். மேட்டுக்கான எண் ஒரே நகர்த்தலில் 12இலிருந்து 25க்குத் தாவினால், வேலி உடைந்தது அங்கேதான். உஷெனினா–கிர்யா ஆட்டத்தையும் ஏற்றி இதே போல ஓட்டிப் பார்க்கலாம்; மிக நல்ல பாடம்.

சிப்பாய் உள்ள எண்ட்கேமில் ஓர் எச்சரிக்கை. டிடிஇசட் என்ற எண் மேட்டுக்கு உள்ள தூரம் அல்ல, அடுத்த வெட்டுக்கோ சிப்பாய் நகர்த்தலுக்கோ உள்ள தூரம். அதை மட்டும் நம்பினால் மனிதர் ஆடாத விசித்திரமான நகர்த்தல்களைப் பழகிவிடுவீர்கள். 5 காய்க்குள் என்றால் மேட்டுக்கு உள்ள தூரமான டிடிஎம் எண்ணும் தெரியும், அதைப் பாருங்கள்.

பெரிய குறை, பிராக்டிஸ் பகுதியில் கடிகாரம் இல்லாதது. போட்டியின் கடைசியில் நகர்த்தலுக்கு 30 நொடிதான் என்றால், 50 நகர்த்தலுக்கு மொத்தமே 25 நிமிடம். இதற்கு வழி இருக்கிறது: போர்டு எடிட்டரில் நிலையை அடுக்கி, இயந்திரத்தோடு 1 நிமிடமும் 30 நொடி இன்கிரிமென்ட்டும் (ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடும் நேரம்) வைத்து ஆடுங்கள். அந்த இயந்திரமான ஸ்டாக்ஃபிஷ் உச்சமான 8ஆம் நிலையில் இருக்கட்டும். கீழ்நிலைகளில் அது தானாகவே தப்பான மூலைக்கு நடந்து வந்து மாட்டிக்கொள்ளும். அதில் ஜெயிப்பது பயிற்சியாகாது.