கனடாப் போன், யாழ்ப்பாண சிம்: நீண்டகாலப் பாவனைக்குப் பிறகு

நான் பாவிப்பது ஸ்கார்பரோவில் இருக்கும் மச்சான் அனுப்பிய சாம்சங் கேலக்ஸி எஸ்23. கனடாவில் விற்ற மாடல் என்பதால் மாடல் எண் டபிள்யூ என்ற எழுத்தில் முடியும். யாழ்ப்பாணத்தில் பல வீடுகளுக்குப் போன் இப்படித்தான் வந்து சேர்கிறது. வந்ததும் எல்லோரும் கேட்பது, இங்கத்தைய சிம் வேலை செய்யுமா என்றுதான். ஓம், செய்யும். ஆனால் சிம் வேலை செய்வதிலேயே பல தினுசு இருக்கிறது. கமரா, பற்றரி பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் நெட்வேர்க்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் லொக் விஷயம், அதாவது விற்ற நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும்படி போனைப் பூட்டி வைப்பது. கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் நெட்வேர்க் நிறுவனங்கள் லொக் போட்டுப் போன் விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. பழைய போன்களையும் கேட்டால் இலவசமாகத் திறந்துகொடுக்க வேண்டும். ஜப்பானிலும் 2021 ஒக்டோபரில் இருந்து அப்படித்தான். அமெரிக்காவில் கதை வேறு. தவணைக்கு எடுத்த போனுக்குக் காசு முழுக்கக் கட்டி முடிக்கும்வரை பல நிறுவனங்கள் லொக்கை எடுக்காது. அங்கிருந்து யாராவது போன் அனுப்புகிறேன் என்றால் நன்றி சொல்வதற்கு முன் "கட்டி முடிச்சாச்சோ?" என்று கேளுங்கள். கோபித்தாலும் பரவாயில்லை. ஐபோன் என்றால் செட்டிங்ஸில் ஜெனரல், எபவுட் என்று போனால் கேரியர் லொக் என்றொரு வரி வரும். அதில் நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் என்று இருந்தால் சரி. அன்ட்ரொய்டில் வேறு சிம் போட்டதும் அன்லொக் கோட் கேட்டால் லொக் இருக்கிறது என்று அர்த்தம்.

லொக் இல்லையென்றதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். அடுத்தது அலைவரிசை. இலங்கையில் 4ஜி பெரும்பாலும் 1800 மெகாஹேர்ட்ஸில், அதாவது பேண்ட் 3இல் ஓடுகிறது. அதோடு 900, 2100 மெகாஹேர்ட்ஸ்களும் உண்டு; அவை பேண்ட் 8, பேண்ட் 1. வட அமெரிக்க நிறுவனங்கள் அங்கே நம்பியிருப்பது 2, 4, 12, 13, 66, 71 போன்றவற்றை. எஸ்23 மாதிரி விலை கூடிய போனில் இரண்டு பக்கத்துப் பேண்டுகளும் இருக்கும். அமெரிக்காவின் பிரீபெய்ட் சந்தைக்கென்றே செய்த மலிவுப் போன்களில்தான் ஆபத்து. ஒரு பேண்ட் குறைந்தாலும் யாழ் பஸ் நிலையத்தடியில் நின்று பார்க்கும்போது ஒரு குறையும் தெரியாது. வீட்டுக்குள் போனால்தான் தெரியும்.

எங்கள் வீடு வட்டுக்கோட்டைப் பக்கம், சுண்ணாம்புக் கல்லால் கட்டின மொத்தச் சுவர் வீடு. டயலரில் *#0011# என்று அடித்தால் சாம்சங்கில் ஒரு சேவைத் திரை வரும், அதில் பேண்ட் எண்ணைப் பார்க்கலாம். முற்றத்தில் நிற்கும்போது 3 என்று காட்டும். நடு அறைக்குள் வந்து கொஞ்ச நேரம் இருந்தால் 8க்கு மாறும். 900 மெகாஹேர்ட்ஸ் சுவரைத் தாண்டி வரும் அளவுக்கு 1800 வராது. பேண்ட் 8 இல்லாத போனை வைத்திருப்பவர் அந்த அறையில் இருந்தால், அவருக்கு வரும் கோல் சிலவேளை வந்து சேராமல் போகலாம்.

மூன்றாவதைத்தான் வாங்கும்போது ஒருவரும் சொல்வதில்லை: வோல்ட்டீ. 4ஜியில் சாதாரண கோல் தானாகப் போகாது. அதற்கு வோல்ட்டீ வேண்டும். போனில் அந்த வசதி இருந்தால் மட்டும் போதாது, உங்கள் நெட்வேர்க் நிறுவனத்துக்கான அமைப்பு போனின் மென்பொருளுக்குள் இருக்க வேண்டும், நிறுவனமும் அந்தப் போனை ஏற்க வேண்டும். அது இல்லாவிட்டால் கோல் எடுக்கும் ஒவ்வொரு முறையும் போன் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கும், கதைத்து முடிந்தபிறகு திரும்ப ஏறும். டவுனில் சிம் போட்டுப் பார்த்த கடைத் தம்பி சரியாகத்தான் சொன்னான்: "அண்ணை, உது லொக் போன் இல்லை. ஆனா வோல்ட்டீ வருமோ எண்டது கோல் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

என் பழைய சிம்மில் வோல்ட்டீ வரவில்லை. மொபைல் நெட்வேர்க்ஸ் பக்கத்தில் வோல்ட்டீ பொத்தானே இல்லை. சிக்னல் நிறைய, டேட்டா வேகம் அருமை, ஆனால் நம்பரை அடித்தால் அங்கே மணி அடிக்கத் தொடங்க நேரம் எடுக்கும். மேலே 4ஜி என்று இருந்தது எச் ப்ளஸ் (3ஜி) ஆகும், சில இடங்களில் ஈ (2ஜி) ஆகும். இதோடு வாழலாம், வீட்டில் ஹொட்ஸ்பொட் போடாதவரை. மகள் என் போனில் இருந்து இணைப்பு எடுத்து ஒன்லைன் வகுப்பில் இருப்பாள். அந்த நேரம் பார்த்து அம்மா கோல் எடுப்பா. ஆசிரியையின் முகம் அப்படியே உறைந்து நிற்கும், மகள் என்னைப் பார்ப்பாள், நான் அம்மாவிடம் "பிறகு எடுக்கிறன்" என்பேன். வங்கி ஆப்பில் காசு அனுப்பும்போதும் இதே கூத்து. நிறுவனத்தின் உதவி எண்ணில் கேட்டேன். போனை நிறுத்திப் போடச் சொன்னார்கள், ஏபிஎன்னை (போன் இணையத்தோடு சேர்வதற்கான அமைப்பு) அழித்துத் திரும்பப் போடச் சொன்னார்கள். டேட்டா நன்றாகத்தான் ஓடுகிறது, பிரச்சினை கோலில்தான் என்பதை அவர்களுக்கு விளங்கப்படுத்த எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

பிறகு இன்னொரு நிறுவனத்தின் சிம் ஒன்றை வாங்கிப் போட்டேன். பொத்தான் வந்தது. கோல் எடுத்ததும் மணி அடித்தது, மேலே 4ஜி அசையவில்லை. அதே போன், அதே மென்பொருள், அதே நடு அறை. ஆகவே "கனடாப் போன் இங்கே வேலை செய்யுமா" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. இந்த மாடல் இந்த சிம்மில் என்று கேட்க வேண்டும். நண்பரின் சிம்மை ஒரு நாள் இரவல் வாங்கி, வைஃபையை நிறுத்திவிட்டு, கோல் எடுத்தபடியே மேலே 4ஜி நிற்கிறதா என்று பாருங்கள். 077, 071, 078 என்று முன் இலக்கத்தை வைத்து நெட்வேர்க்கைச் சொல்லும் பழக்கம் நமக்கு இருக்கிறதே, சோதிக்க சிம் தேடும்போது அது உதவும். 075 மட்டும் இப்போது குழப்பம், எயார்டெல் லங்காவை 2024இல் டயலொக் வாங்கிவிட்டது.

இன்னொன்று. கடையில் பாவித்த போன் எடுப்பவர்கள் *#06# அடித்து ஐஎம்ஈஐ எண்ணை (போனின் அடையாள எண்) எடுத்து, ஐஎம்ஈஐ என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களைப் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் (டி.ஆர்.சி.) இருந்து, அந்தப் போன் அங்கே பதிவானதா என்று பதில் வரும். கடைக்காரர் "டி.ஆர்.சி. போன்தான் அண்ணை" என்று எவ்வளவு சொன்னாலும் காசு கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

பழைய நம்பரை விட மனமில்லை, வங்கி முதல் பள்ளிக்கூடம்வரை எல்லா இடத்திலும் அதுதான் கொடுத்திருக்கிறது. இந்தக் கனடா மாடலில் சிம் தட்டில் ஒரு சிம்முக்குத்தான் இடம், மற்றது இ-சிம். ஆகவே பழைய நம்பரை இ-சிம் ஆக்கி, வோல்ட்டீ வருகிற புது சிம்மைத் தட்டில் வைத்து, கோலும் டேட்டாவும் அதில் என்று விட்டிருக்கிறேன். பழைய நம்பருக்கு ஓடிபி வரும், அவ்வளவுதான் அதன் வேலை. அமெரிக்க ஐபோன் 14இல் இருந்து சிம் தட்டே கிடையாது என்பதால் அதை வாங்குபவர்களுக்கு இந்த வசதி இல்லை, இரண்டுமே இ-சிம்தான். இ-சிம் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: போனை ரீசெட் செய்யும்போது இ-சிம்மையும் அழிக்கவா என்று கேட்கும், அங்கே அவசரப்பட்டு ஓம் கொடுத்துவிடாதீர்கள். கியூஆர் கோட் பெரும்பாலும் ஒரு முறைக்குத்தான், அழித்தால் அடையாள அட்டையோடு நிறுவனத்தின் கிளைக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டி வரலாம்.