நிறம் சொல்லிக் கொடுக்க மாவா, மணியா, துணி கிளிப்பா?

மொரீஷியஸில் நம் வீட்டுப் பிள்ளைகளின் காதில் தமிழ் விழும் நேரம் கொஞ்சம்தான். வீட்டில் கிரியோல், டிவியில் பிரெஞ்சு, பள்ளி நோட்டில் ஆங்கிலம். கிரேடு 1-இல் தமிழ் வகுப்பு தொடங்குவதற்குள் நாலு நிறமாவது தமிழில் வாயில் வரட்டும், பென்சில் பிடிக்க விரலும் பழகட்டும் என்று எங்கள் மூன்றரை வயதுக்காரிக்கு விளையாட்டு தேடினோம். பிசைந்த கலர் மாவு, மணி கோர்ப்பது, துணி காயப்போடும் கிளிப் என்று மூன்றையும் பார்த்தாயிற்று. இப்போது சாயங்காலம் தரைக்கு வருவது கிளிப் டப்பாதான்.

பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது மாவு, அதில் சந்தேகமே இல்லை. இரண்டு கப் மைதா, ஒரு கப் உப்பு, இரண்டு ஸ்பூன் எண்ணெய், பிசையும் அளவுக்கு வெந்நீர். மஞ்சளுக்கு மஞ்சள்தூள் போதும், மற்றதுக்கு ஃபுட் கலர். உருட்டுவது, தட்டுவது, கிள்ளுவது என்று கை முழுக்க வேலை. (நாய் வளர்ப்பவர்கள் அதற்கு எட்டாமல் வையுங்கள், இவ்வளவு உப்பு உள்ளே போனால் ஆபத்து.) ஆனால் எங்கள் கியூர்பிப் பக்கத்து ஈரத்தில் டப்பாவில் மூடி வைத்தாலும் மாவு கசகசத்துப் போகிறது. பத்து நிமிடத்தில் சிவப்பும் பச்சையும் ஒன்றாகி மண் நிறம் ஆகிவிடும். நிறம் சொல்லித்தர வந்த இடத்தில் நிறமே காணாமல் போனால் என்ன செய்வது?

மணி பார்க்க அழகு. ஒரு கை கயிற்றைத் தள்ள, மறு கை மணியைப் பிடிக்க, இரண்டு கையையும் சேர்த்துப் பழக்க இதுபோல் இன்னொன்று இல்லை. ஷூ லேஸ் நல்லது, அதன் நுனி விறைப்பாக இருக்கும். ஆனால் தம்பி தங்கை தவழும் வீட்டில் மணி வேண்டாம். பொம்மைப் பாதுகாப்புச் சோதனைக்கு 31.7 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதையும் மூன்று வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது. சாதாரண மணி எல்லாமே அடங்கிவிடும்.

சரி, கிளிப்புக்கு வருவோம். பிளாஸ்டிக் கிளிப் கலந்த பாக்கெட் எந்தக் கடையிலும் இருக்கும். நாங்கள் வாங்கியதில் இருந்தது சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. 1968-இல் வந்த நம் தேசியக் கொடியில் மேலிருந்து கீழாக இருக்கும் அதே நாலு நிறம், அதே வரிசை! தடித்த அட்டையில் கொடியை வரைந்து, ஒவ்வொரு பட்டையின் ஓரத்திலும் அதே நிறக் கிளிப்பை மாட்ட வேண்டும். சுதந்திர தினமான மார்ச் 12 நெருங்கும்போது பிள்ளைகள் எப்படியும் கொடி வரைவார்கள், அந்த அட்டையே போதும்.

விரலுக்கு இது நேரான பயிற்சி. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் அழுத்தினால்தான் கிளிப் வாய் திறக்கும், அழுத்தியபடியே அட்டை ஓரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முதலில் இரண்டு கையாலும் அழுத்துவாள். அப்புறம் நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரே கையால்.

ஆனால் நான் கிளிப் பக்கம் சாய்ந்தது விரலுக்காக அல்ல, பேச்சுக்காக. மாவு கையில் இருந்தால் பிள்ளை வாயே திறக்காது, அதிலேயே மூழ்கிவிடும். திறந்தாலும் கிரியோல்தான் வரும். மணி கோர்க்கும்போது கண்ணும் மூச்சும் ஓட்டையிலேயே இருக்கும், அப்போது போய் நிறத்தைக் கேட்டால் எரிச்சல்தான். கிளிப்பில் டப்பா என் மடியில் இருக்கும், கேட்டால்தான் கிடைக்கும்.

"அம்மா, நீலம் தாங்க."

"நீலமா? இந்தா. இந்தக் கிளிப் நீலம்."

ஒரு கிளிப்புக்கு அவள் ஒரு முறை, நான் இரண்டு முறை. பன்னிரண்டு கிளிப் மாட்டி முடிப்பதற்குள் எத்தனை முறை காதில் விழுகிறது பாருங்கள். கழற்றும்போது இன்னொரு சுற்று: "மஞ்சளை எல்லாம் எடுத்துத் தா." சில சமயம் வேண்டுமென்றே தப்பான நிறத்தை நீட்டுவேன். "இது பச்சை!" என்று அதட்டுவாள், எனக்கு வேண்டியதும் அதுதான். "நீலக் கிளிப்" என்பதைவிட "இந்தக் கிளிப் நீலம்" என்று பொருளை முதலில் சொல்வது உதவுகிறது. ஆங்கிலம் பேசும் சின்னப் பிள்ளைகளிடம் செய்த ஓர் ஆய்விலும் நிறத்தைப் பின்னால் சொன்னபோதுதான் நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள்.

குறையும் உண்டு. துணி காயப்போடும் கொடியில் வெயில் பட்டுக் கிடந்த பழைய கிளிப்பைக் கொடுக்காதீர்கள், பிளாஸ்டிக் நொறுங்கும், கம்பி தெறிக்கும். துணிக்கு வேறு, பிள்ளைக்கு வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதில் ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் நாலு நாள் தடித்த புத்தகத்தில் மாட்டி வையுங்கள், கொஞ்சம் இளகும். மூன்று வயதுக்குக் கீழே கிளிப் எப்படி என்று என்னால் சொல்ல முடியாது, நாங்கள் கொடுத்துப் பார்த்ததில்லை. அந்த வயதுக்கு ஒரே நிற மாவாக ஒன்று பிசைந்து கொடுப்பேன், கலக்க வேறு நிறம் இருக்காது.

இன்னொன்று. பையன் சிவப்பையும் பச்சையையும் மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டே இருந்தால் உடனே திட்ட வேண்டாம். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத நிறக்குறை ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம், கண் டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடலாம்.

கறுப்பும் வெள்ளையும் எங்கள் பாக்கெட்டில் இல்லை, காவடிக்குக் கட்டும் ரோஸும் இல்லை. மரக் கிளிப் வாங்கிப் பெயிண்ட் அடித்தால் கிடைக்கும், ஆனால் கிள்ளிக் கிள்ளியே பெயிண்ட் உரிந்துவிடும். அந்த மூன்றுக்கு மட்டும் மணி டப்பாவை மேல் தட்டிலிருந்து இறக்குகிறோம், அதுவும் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வராத நாளில்.