ஷேர்டு ஹோஸ்டிங்கா, விபிஎஸ்ஸா: முதல் பைட் வரும் வரைக்குமான கணக்கு

என் தளத்தின் தேடல் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டி என்டர் அடித்தால் திரை வெள்ளையாகவே நிற்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணலாம். சில நேரம் இரண்டிலேயே வந்துவிடும். சில நேரம் ஐந்தைத் தாண்டும். அதே சொல், அதே பக்கம், அதே இணைப்பு. ஒரே சர்வரைப் பல தளங்கள் பங்கிட்டுக்கொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங்கிலிருந்து என்னைக் கிளப்பியது இந்த ஏற்ற இறக்கம்தான். வெறுமனே மெதுவாக இருந்திருந்தால் இன்னும் இரண்டு வருடம் ஓட்டியிருப்பேன்.

தளம் வேர்ட்பிரஸ். ஆயிரத்துச் சொச்சம் கட்டுரைகள், பின்னூட்டங்கள், உள்நுழைந்து படிக்கிற உறுப்பினர்கள் கொஞ்சம் பேர். பல வருடம் ஷேர்டில் இருந்துவிட்டு, எட்டு மாதமாக இரண்டு கோர், 2 ஜிபி ரேம் கொண்ட ஒரு விபிஎஸ்ஸில் (பெரிய இயந்திரத்தில் நமக்கென்று ஒதுக்கிய ஒரு மெய்நிகர் சர்வர்) ஓடுகிறது. சர்வர் பராமரிப்பை நிறுவனமே பார்த்துக்கொள்ளும் மூன்றாவது வழியான மேனேஜ்டு ஹோஸ்டிங், நண்பர் ஒருவரின் தளத்தைச் சில வாரம் பார்த்துக்கொண்டபோது பழகியதோடு சரி. அதைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

தெரிந்த சங்கதிகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஷேர்டு மலிவு. சிபேனல் என்ற கட்டுப்பாட்டுத் திரை இருக்கும், எல்லாம் பொத்தானில் நடக்கும். 'அன்லிமிடெட்' என்று போட்டிருந்தாலும் கோப்புகளின் எண்ணிக்கைக்கு எங்கோ ஒரு வரம்பு ஒளிந்திருக்கும். விபிஎஸ்ஸில் கையில் கொடுப்பது ஒரு வெற்று லினக்ஸ். மேனேஜ்டில் விலை கூடுதல், தலைவலி குறைவு. இவற்றை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது. எனக்கு முடிவைத் தந்தது ஒரே ஒரு அளவு: முதல் பைட் வரும் நேரம். ஆங்கிலச் சுருக்கத்தில் டிடிஎஃப்பி என்பார்கள்.

உலாவி ஒரு பக்கத்தைக் கேட்ட கணத்திலிருந்து பதிலின் முதல் பைட் வந்து சேரும் வரை ஆகும் நேரம் அது. அதற்குள் டிஎன்எஸ் தேடல் (தளப் பெயருக்கு உரிய ஐபி முகவரியைக் கண்டுபிடிப்பது), இணைப்பு ஏற்படுத்துவது, டிஎல்எஸ் கைகுலுக்கல் (மறையாக்கத்துக்கான ஒப்பந்தம்), அப்புறம் சர்வர் உட்கார்ந்து பக்கத்தைத் தயாரிப்பது எல்லாம் அடக்கம். கூகுளின் வழிகாட்டுதலில் 0.8 வினாடிக்குள் இருந்தால் நல்லது, 1.8-ஐத் தாண்டினால் மோசம். படத்தைச் சுருக்குவதும் ஸ்கிரிப்டைத் தள்ளிப்போடுவதும் இந்த நேரம் கழிந்த பிறகுதான் வேலைக்கு ஆகும். அடுப்பே பற்றாதபோது பாத்திரத்தை மாற்றி என்ன பயன்?

இதை யார் தலையில் கட்டுவது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. 'சோதனை' என்ற ஒரே சொல் உள்ள வெறும் எச்டிஎம்எல் கோப்பு ஒன்றைச் சர்வரில் போட்டேன். இணைய முகவரியைக் கேட்டுப் பார்க்கும் கர்ல் கட்டளையை, முதல் பைட் வந்த நேரத்தை மட்டும் அச்சிடும்படி அமைத்து, மூன்று முகவரிகளை மாற்றி மாற்றிக் கேட்டேன்: அந்த வெற்றுக் கோப்பு, கேஷில் (முன்பே தயாரித்து வைத்த நகலில்) இருக்கும் ஒரு கட்டுரை, கேஷில் இருக்கவே முடியாத தேடல் பக்கம். காலை, மதியம், இரவு என்று நாலு நாள். வெற்றுக் கோப்பு எப்போதும் கால் வினாடிக்குள் வந்தது. கேஷ் கட்டுரையும் கிட்டத்தட்ட அதே. தேடல் பக்கம் மட்டும் ஒன்றரையிலிருந்து ஐந்து வரை ஊஞ்சல் ஆடியது. ஆக, தூரத்தில் கோளாறு இல்லை, கம்பியில் இல்லை. வேர்ட்பிரஸ் பக்கத்தைத் தயாரிக்கும் பிஎச்பி நிரலும் டேட்டாபேஸும் ஓடும் இடத்தில்தான் நெரிசல்.

வெற்றுக் கோப்பே தாமதமாக வருகிறது என்றால் கதை வேறு. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர்தான் போகும். வாசகரிடமிருந்து சர்வர் 10,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வரவே 100 மில்லிவினாடி. இணைப்புக்கு ஒரு நடை, டிஎல்எஸ் 1.3 என்றால் இன்னொரு நடை, கேள்விக்கும் பதிலுக்கும் ஒரு நடை. சர்வர் விரலை அசைக்கும் முன்பே 0.3 வினாடி போய்விட்டது. அப்படிப்பட்டவர்கள் வாசகர்களுக்குப் பக்கத்து டேட்டா சென்டருக்கு மாறினால் போதும். ஷேர்டிலிருந்து ஷேர்டுக்கே மாறலாம்.

ஷேர்டில் அந்த ஊஞ்சல் ஏன்? பெரும்பாலான நிறுவனங்கள் கிளவுட்லினக்ஸ் என்ற இயங்குதளத்தை வைத்து ஒவ்வொரு கணக்கையும் ஒரு கூண்டில் அடைத்திருக்கும். சிபியு, நினைவகம், வட்டு வாசிப்பு, ஒரே நேரத்தில் நுழையும் கோரிக்கைகள் என்று எல்லாவற்றுக்கும் வரம்பு. நுழைவு வரம்பைத் தாண்டினால் 508 பிழை வரும், அது கண்ணுக்குத் தெரியும். சிபியு வரம்பைத் தொட்டால் பிழை வராது. பக்கம் தவழ ஆரம்பிக்கும், அவ்வளவுதான். சிபேனலில் வளப் பயன்பாட்டுப் பக்கம் இருந்தால் திறந்து பாருங்கள். என்னுடையதில் சிபியு கோடு மணிக்கு மூன்று நாலு முறை கூரையில் முட்டிக்கொண்டு நின்றது. கூண்டு நம்முடையது என்றாலும் டேட்டாபேஸ் சர்வர் பெரும்பாலும் பொது. பக்கத்து வீட்டில் கல்யாணம் என்றால் நம் வீட்டுக் குழாயிலும் தண்ணீர் மெலியும்.

உதவிக்கு டிக்கெட் போட்டேன். "உங்கள் பிளகின்களைச் சரிபாருங்கள்" என்று பதில் வந்தது. எரிச்சலாக இருந்தாலும் அதில் பாதி உண்மை. எப்போதோ நீக்கிய பிளகின்கள் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரல்கள்) விட்டுப்போன அமைப்புகள் டேட்டாபேஸில் குவிந்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் தானாக ஏற்றப்படும் சுமை 2 எம்பியைத் தாண்டியிருந்தது. வேர்ட்பிரஸ் 6.6-லிருந்து இது சுமார் 800 கேபியைத் தாண்டினாலே தள நலப் பக்கத்தில் எச்சரிக்கை வருகிறது. அதைச் சுத்தம் செய்து, பிஎச்பியையும் 7.4-லிருந்து 8.2-க்குப் பழைய இடத்திலேயே ஏற்றினேன். தேடல் பக்கம் ஓரளவு முன்னேறியது; மேல் எல்லை ஐந்திலிருந்து மூன்றுக்கு இறங்கியது. இதைச் செய்யாமல் நேரடியாக வீடு மாறியிருந்தால் அந்தப் புண்ணியத்தையும் புதிய சர்வர் கணக்கில்தான் எழுதியிருப்பேன். மாறிய அன்றே 'ராக்கெட் வேகம்' என்று எழுதுகிறவர்கள் பலரிடம் எனக்கு உள்ள சந்தேகம் இதுதான்: கூடவே எதையெல்லாம் மாற்றினீர்கள்?

விபிஎஸ்ஸுக்குப் போன பிறகு அதே கர்ல், அதே மூன்று முகவரி. வெற்றுக் கோப்பில் வித்தியாசம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கேஷ் கட்டுரையிலும் இல்லை. தேடல் பக்கம் 0.4-லிருந்து 0.5 வரை, காலையிலும் அதுதான், இரவிலும் அதுதான். எனக்கு அந்த 0.4-ஐவிட, அது அசையாமல் நின்றதுதான் பெரிதாகப் பட்டது. உறுப்பினர்கள் உள்நுழைந்து வரும்போது கேஷ் பயன்படாது, பின்னூட்டம் இடும்போதும் பயன்படாது, எழுத்தாளர் திரையில் கட்டுரையைச் சேமிக்கும்போதும் பயன்படாது. தளத்தை அதிகம் நேசிக்கிறவர்களுக்குத்தான் ஷேர்டின் மெதுவான முகம் தெரிந்துகொண்டிருந்தது. கேஷ் பக்கத்தை மட்டும் அளந்து 'நம் தளம் நன்றாகத்தானே இருக்கிறது' என்று இருந்துவிட்டேன்.

மந்திரம் எதுவும் இல்லை. தொகுத்த பிஎச்பி நிரல் நினைவகத்திலேயே தங்குகிறது, யாரும் வெளியே தள்ளுவதில்லை. டேட்டாபேஸ் மென்பொருளான மரியாடிபி தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இன்னோடிபி பஃபர் இயல்பாக 128 எம்பி. என் டேட்டாபேஸ் முழுக்க உள்ளே அடங்கும்படி அதை 512 ஆக்கினேன். அதன் பிறகு, டேட்டாபேஸிடம் கேட்ட பதில்களை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் ரெடிஸ் சேர்த்தேன். இதில் எது எவ்வளவு உதவியது என்று பிரித்து அளக்கவில்லை. ஒரே வார இறுதியில் எல்லாவற்றையும் போட்டுவிட்டேன்.

கூகுளின் வேகச் சோதனைத் தளமான பேஜ்ஸ்பீட் காட்டும் எண்களைப் பார்த்து யாரும் மறுநாளே மனம் தளர வேண்டாம். அதில் மேலே காட்டும் உண்மை வாசகர்களின் தரவு கடந்த 28 நாட்களுக்கானது. பழைய சர்வரின் பாவம் ஒரு மாதம் கூடவே வரும்.

சரி, விபிஎஸ் பக்கம் இவ்வளவு சாய்ந்துவிட்டு அதன் பாரத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. மூன்றாவது வாரம் இரவு பதினொரு மணிக்கு தளம் முழுக்க 'டேட்டாபேஸுடன் இணைக்க முடியவில்லை' என்ற ஒற்றை வரி. பிழை என்னுடையது. எங்கோ படித்த குறிப்பைப் பார்த்து, பிஎச்பி ஒரே நேரத்தில் 40 பிள்ளைகளை (கோரிக்கைகளைக் கவனிக்கும் துணைச் செயல்முறைகளை) பெற்றுக்கொள்ளலாம் என்று அமைத்திருந்தேன். என் தளத்தில் ஒரு பிள்ளை சுமார் 60 எம்பி சாப்பிடும். நாற்பதுக்கு 2,400 எம்பி. இருப்பதோ 2 ஜிபி. ஒரு பாட் (தானியங்கி நிரல்) கூட்டம் வந்து தேடல் பக்கத்தைத் துழாவியதும் நினைவகம் தீர்ந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் இந்த மாதிரி நேரத்தில் யாரையாவது பலி கொடுக்கும். பெரும்பாலும் கொழுத்தவன்தான் மாட்டுவான். மரியாடிபி மாட்டியது. டேட்டாபேஸுக்கும் மற்றவைக்கும் ஒதுக்கியது போக மிச்சத்தை 60-ஆல் வகுத்து, எண்ணிக்கையை 12-க்கு இறக்கினேன். நினைவகம் நிரம்பினால் வட்டில் ஒதுங்க, கொஞ்சம் ஸ்வாப்பும் வைத்தேன். அதற்குப் பிறகு அந்த வரியைப் பார்க்கவில்லை.

ஷேர்டில் இது என் கவலையே அல்ல. கர்னல் புதுப்பிப்பு, 90 நாளில் காலாவதியாகும் லெட்ஸ் என்கிரிப்ட் பாதுகாப்புச் சான்றிதழ், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும் பாட்கள், பேக்கப் எல்லாம் அங்கே யாரோ பார்த்தார்கள். இப்போது பெரும்பாலானவை தானாக ஓடும்படி அமைத்துவிட்டேன். ஆனாலும் மாதம் இரண்டு மணி நேரமாவது இதற்குப் போகிறது. கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கக் கை நடுங்கும் என்றால் விபிஎஸ் வேண்டாம், நேராக மேனேஜ்டுக்குப் போய்விடுங்கள். இன்னொன்று, விபிஎஸ்ஸும் ஒரு வாடகை அறைதான். சர்வரின் சுமையைக் காட்டும் டாப் கட்டளையில் 'எஸ்டி' (st) என்ற எண் பூஜ்யத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். அது ஏறினால் அதே இயந்திரத்தில் இருக்கும் வேறொருவர் உங்கள் சிபியு நேரத்தைத் தின்கிறார் என்று பொருள். என்னுடையதில் இதுவரை ஏறவில்லை. எட்டு மாதத்தை வைத்து எப்போதும் இப்படித்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

மேனேஜ்டைப் பற்றி எனக்குத் தெரிந்த கொஞ்சம்: நண்பரின் தளத்தில் கட்டுரைப் பக்கங்கள் பறந்தன, பேக்கப்பை ஒரே சொடுக்கில் மீட்க முடிந்தது. சில பிளகின்களுக்குத் தடை இருந்தது. விளம்பரத்தில் மாதம் எத்தனை வருகை என்று பெரிதாகப் போடுகிறார்கள்; கேட்க வேண்டிய எண் வேறு. ஒரே நேரத்தில் எத்தனை பிஎச்பி வொர்க்கர் (மேலே சொன்ன பிள்ளைகள்தான்) தருவீர்கள் என்று கேளுங்கள். கேஷ் இல்லாத பக்கங்களின் வரிசை அங்கேதான் நிற்கும். இரண்டே வொர்க்கர் என்றால், காசு கூடக் கொடுத்து பழைய ஊஞ்சலையே வாங்கியது போல் ஆகிவிடும்.

வீடு மாறாமலே நகல்களை வாசகருக்குப் பக்கத்திலிருந்து தரும் கிளவுட்ஃப்ளேர் மாதிரி சேவை ஒன்றை முன்னால் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். இயல்பு அமைப்பில் அது படம், சிஎஸ்எஸ், ஸ்கிரிப்ட் போன்றவற்றைத்தான் கேஷ் செய்யும், பக்கத்தின் எச்டிஎம்எல்லை அல்ல. எச்டிஎம்எல்லையும் கேஷ் செய்யும்படி விதி எழுதலாம். உங்கள் தளத்தில் உள்நுழைவும் இல்லை, தேடலை யாரும் தொடுவதில்லை, வருகிறவர் படித்துவிட்டுப் போகிறார் என்றால் இதைச் செய்துவிட்டு ஷேர்டிலேயே நிம்மதியாக இருங்கள். கடை வைத்திருப்பவர், உறுப்பினர் தளம் நடத்துபவர் ஆகியோருக்கு இது மருந்து ஆகாது.

மாறுகிற அன்று பெரிய கலாட்டா ஒன்றும் இல்லை. மாற்றம் சீக்கிரம் பரவும்படி, இரண்டு நாள் முன்பே டிஎன்எஸ் பதிவின் ஆயுளை 300 வினாடிக்கு இறக்கினேன். என் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் மட்டும் புதிய ஐபியை எழுதி, உலகுக்குத் தெரியாமல் புதிய வீட்டில் ஒரு நாள் நடந்து பார்த்தேன். மாற்றியபோது பின்னூட்டம் ஒன்றுகூடத் தொலையவில்லை.

தொலைந்தது மின்னஞ்சல். கடவுச்சொல் மீட்பு மடல் வரவில்லை என்று ஓர் உறுப்பினர் சொன்ன பிறகுதான் உறைத்தது. ஷேர்டில் அஞ்சல் சர்வர் சத்தமில்லாமல் கூடவே வந்துகொண்டிருந்தது. விபிஎஸ் தருகிறவர்கள் பலர் ஸ்பாமுக்குப் பயந்து, மடல் அனுப்பும் வழியான 25-ஆம் போர்ட்டையே அடைத்து வைக்கிறார்கள். தளத்திலிருந்து போகும் மடல்களுக்குத் தனி அனுப்பல் சேவை ஒன்றைப் பிடித்தேன். மின்னஞ்சல் பெட்டிகளை நகர்த்தத் தைரியம் வரவில்லை. பழைய ஷேர்டு கணக்கு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. தளம் இல்லை, அஞ்சல் மட்டும். அந்த வேலையை அது குறையில்லாமல் செய்கிறது, அடுத்த புதுப்பிப்பும் கட்டிவிட்டேன்.