பல்லாவரம் சந்தையில் கிடைத்த ஆபு ரீல்: ஒன்பது வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

2016-ல் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பல்லாவரம் சந்தையில் பழைய மிக்சி ஜாருக்கும் குக்கர் வெயிட்டுக்கும் நடுவே தார்ப்பாயில் கிடந்தது இந்தத் தூண்டில் ரீல். "காத்தாடி லோட்டாய் சார், ஃபாரின் அயிட்டம்" என்றார் கடைக்காரர். லோட்டாய் என்றால் காத்தாடி நூல் சுற்றும் உருளை. கறுப்பு மூடி, பச்சை பூத்த குரோம், ஸ்பூல் உருளையில் மக்கிப்போன தூண்டில் நரம்பு. எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். தூண்டில் ராடில் பொருந்தும் பாதத்தின் அடியில் 780900 என்று பொறித்திருந்தது. எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த ஆபு ரீல்களில் இந்த எண்தான் ஜாதகம். முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த இரண்டு மாதம். 1978 செப்டம்பரில் ஸ்வீடனில் செய்த ஆம்பசடர் 6500சி. 800 கேட்டார், 600-க்குக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் திறந்தேன். இந்த ரீலைத் திறக்க ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். கைப்பிடிப் பக்கம் இருக்கும் மூன்று திருகுகளை விரலால் திருகினாலே மூடி தனியாக வந்துவிடும், ஸ்பூலை அப்படியே உருவிக்கொள்ளலாம். உள்ளே கிரீஸ் பழம்புளி மாதிரி இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க, அடியிலிருந்து பித்தளைப் பல்சக்கரம் மஞ்சளாக எழுந்து வந்தது. ஒரு பல்கூட மழுங்கவில்லை. இடப்பக்க மூடியில், உள்ளங்கை அணைத்துப் பிடிக்கும் இடத்தில் மட்டும் கறுப்பு தேய்ந்து அலுமினியம் தெரிந்தது. முன்பு வைத்திருந்தவர் இதை அலமாரியில் அழகுக்கு வைத்தவர் இல்லை, மீன் பிடித்தவர். எனக்கு அதுதான் பிடித்துப்போனது.

ஆபு என்பது ஆதியில் கடிகாரத் தொழிற்சாலையின் பெயர்ச்சுருக்கம். ஸ்வெங்ஸ்டா என்ற சிற்றூரில் 1921-ல் கார்ல் ஆகஸ்ட் போர்க்ஸ்ட்ரோம் தொடங்கியது. பிறகு டாக்சி மீட்டர் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அந்த வியாபாரம் படுத்ததும் ரீலுக்கு மாறினார்கள். முதல் ஆம்பசடர் வந்தது 1952-ல். பிரித்துப் போட்ட பாகங்களை வரிசையாகத் துணியில் வைத்துப் பார்த்தால் கடிகாரக்காரன் கை தெரியும். ஒவ்வொரு துண்டும் தனியாகக் கழன்று தனியாக உட்காரும். ஒட்டியது, அமுக்கி அடைத்தது என்று எதுவும் இல்லை.

ஒன்பது வருடமாக முட்டுக்காடு, கோவளம், எப்போதாவது பழவேற்காடு. 0.40 மி.மீ. தங்கூஸ் நரம்பு, 50–60 கிராம் ஈயம், உயிர் இறால். இந்த வேலைக்கு இதைவிட நல்ல ரீல் என் கையில் இருந்ததில்லை. மழைக்காலத்தில் முகத்துவாரம் திறந்த ஒரு விடியலில் நாலு கிலோ கொடுவா ஒன்று பாலத்தூணைப் பார்த்து ஓடியது. மீன் இழுக்கும்போது நரம்பை இறுக்கிப் பிடித்து விடும் டிராக் திணறவில்லை, குதிக்கவில்லை. ஒரே சீராக நரம்பை விட்டுக்கொடுத்தது. நான் செய்ததெல்லாம் கட்டைவிரலை ஸ்பூல் மேல் லேசாக வைத்திருந்ததுதான்.

கோளாறு வராமல் இல்லை. இரண்டாம் வருடம், நரம்பை ஸ்பூலில் சீராகப் பரப்பும் லைன் கைடு வலது ஓரத்தில் போய் நின்றுகொண்டது. நரம்பு ஒரே பக்கம் குவிந்தது. அந்தக் கைடை இப்படியும் அப்படியும் நடத்துவது, அடியில் திருகு மூடிக்குள் இருக்கும் நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிய ஓர் உலோகப் பல். மணலும் உப்பும் முதலில் தின்பது அதைத்தான். இன்றைய வட்ட ஆம்பசடருக்கு விற்கும் பல்லை வரவழைத்தேன். நாற்பது வருடப் பழைய ரீலில் சொன்ன பேச்சு கேட்டு உட்கார்ந்தது. ஸ்பூல் பேரிங்கும் உள்விட்டம் 3, வெளிவிட்டம் 10 மி.மீ. என்ற சாதாரண அளவுதான். இதே காலத்தில் நான் வாங்கிய இரண்டு புது ரீல்களுக்கு உதிரிப் பாகமே கிடைக்கவில்லை. இரண்டும் பரண்மேல்.

குறை சொல்ல வேண்டுமானால், கனம். மாலை வரை வீசினால் மணிக்கட்டு வலிக்கும். கைப்பிடி பின்பக்கமாகக் கொஞ்சம் ஆடும், அது இதன் அமைப்பே. சிறிய, எடையில்லாத பொய்யிரைக்கு இது வேண்டாம், எதிர்காற்றில் நரம்பு சிக்கிக் கூடு கட்டிவிடும். ஒவ்வொரு முறையும் வீடு வந்ததும் நல்ல தண்ணீர் காட்டியே ஆக வேண்டும், களைப்பாக இருந்தாலும்.

பழசு வாங்க நினைப்பவர்களுக்கு நான் வலியுறுத்துவது ஒன்று: பச்சைக்குப் பயப்படாதீர்கள், வெள்ளைக்குப் பயப்படுங்கள். பித்தளையில் பூக்கும் பச்சை துடைத்தால் போய்விடும். அலுமினியத்தில் வெள்ளைப் பொடி உதிர்ந்தால் அந்த இடத்தை உப்பு அரித்துவிட்டது, மீட்க முடியாது. இணையத்தில் படத்தைப் பார்த்து 3,500 ரூபாய்க்கு ஒன்று வாங்கி ஏமாந்தேன். வெளியே கண்ணாடி மாதிரி பாலிஷ், உள்ளே மூடியை விரலால் அழுத்தினாலே பொரிந்தது. திருகுத் தலைகளையும் பாருங்கள். கொதறியிருந்தால் தெரியாதவர் யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார். கைப்பிடியை மெதுவாகச் சுற்றிக் காதருகே வையுங்கள். உலர்ந்த கரகரப்பு எண்ணெயில் தீரும். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை சரியாக அதே இடத்தில் 'டக்' என்றால் பல் போயிருக்கிறது, வைத்துவிட்டு வாருங்கள். கூட வரும் பழைய நரம்பை எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் வெட்டி எறியுங்கள்.

பல்லாவரம் கடைக்காரருக்கு இப்போது என்னைத் தெரியும். போன மாதம் தூரத்திலேயே கையைத் தூக்கி, "சார், லோட்டாய் வந்திருக்கு!" என்றார். சாக்குக்குள்ளிருந்து எடுத்தது ஒரு மிச்செல் 300, முட்டை வடிவ பிரெஞ்சு ரீல். ஸ்பூல் பொத்தான் அமுங்குகிறது, பல் சுத்தம், கைப்பிடி மட்டும் இல்லை. 250 கொடுத்து வாங்கிவந்தேன். கைப்பிடி தேடிக்கொண்டிருக்கிறேன்.