வானம் பார்த்த முற்றத்துக்கு எந்தத் தளம்? போர்சலின், பார்க்கிங் டைல், ஆத்தங்குடி, தட்டோடு, கருங்கல்: ஓர் அலசல்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் பழைய வீட்டைப் பழுதுபார்க்கிறவர்களும் சரி, புதிதாகக் கட்டுகிறவர்களும் சரி, வீட்டுக்குள் என்ன தளம் போடுவது என்று பெரிதாகக் குழம்புவதில்லை. குழப்பமெல்லாம் வானம் பார்த்த இடத்தில்தான்: நடு முற்றம், முகப்புக்கு வெளியே இருக்கும் வாசல், பின்கட்டில் துவைக்கிற இடம், மொட்டை மாடி. கடைக்குப் போனால் ‘அவுட்டோர் போர்சலின்’ என்று ஒரு பக்கம் அடுக்கியிருக்கிறார்கள். பக்கத்திலேயே பார்க்கிங் டைல்ஸ். பூப்போட்ட சிமெண்ட் தரைக்கல் செய்யும் ஆத்தங்குடிப் பட்டறைக்கு ஒரு நடை போனால் மனம் அங்கேயே நின்றுவிடும். கொத்தனாரைக் கேட்டால் கருங்கல்லுக்கு மிஞ்சி எதுவும் இல்லை என்பார்.

இவற்றை ஒப்பிட இரண்டே கேள்விகள் போதும் என்பது என் எண்ணம். முதலாவது, வெறுங்காலில் அந்தத் தளம் எப்படி இருக்கும்? நம் முற்றத்தில் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. இரண்டாவது, வீட்டில் ஆள் குடியிருக்கிறார்களா? இந்த வட்டாரத்தில் பாதி வீடுகள் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும்தான் திறக்கின்றன. மற்ற நாளெல்லாம் பூட்டுத்தான். தினமும் கூட்டித் துடைக்கிற வீட்டுக்கு ஏற்ற தளம் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு ஏற்காது.

போர்சலின்

நம் ஊர்க் கடைகளில் வெட்ரிஃபைடு என்று சொல்வதும் இந்தக் குடும்பம்தான். நுண்ணிய களிமண் கலவையை அழுத்தி, 1200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சுடுகிறார்கள். உள்ளே துளையே இல்லாத அளவுக்கு இறுகிவிடும். போர்சலின் என்று பெயர் வாங்க, தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. வெளிநாட்டு விளம்பரங்களில் இதைச் சொல்லிவிட்டு, உறைபனியில் வெடிக்காது என்பார்கள். காரைக்குடியில் அதற்காக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். நமக்கு இதனால் வேறு லாபம் உண்டு. தண்ணீர் உள்ளே போகாததால் பாசி வேர் பிடிக்காது, தரைக்கு அடியிலிருந்து உப்புப் பூக்காது, செம்மண் கறை மேலோடு நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆளில்லாமல் கிடந்த முற்றத்தைத் தை மாதம் வந்து திறந்தால், தண்ணீர் அடித்துத் தேய்த்தால் போதும்.

ஆனால் போர்சலின் எல்லாம் ஒன்றல்ல. கூடத்துக்குப் போடும் பளபளப்பான வகையை முற்றத்தில் போட்டால் முதல் மழையிலேயே யாராவது விழுவார்கள். வயதான ஆச்சி இருக்கிற வீட்டில் இது விளையாட்டில்லை. வெளிக்கு வாங்கும்போது மேட் ஃபினிஷ் என்பதோடு நிறுத்தாமல் சொரசொரப்பு எவ்வளவு என்று கேட்க வேண்டும். பெட்டியில் ஆர் 9 முதல் ஆர் 13 வரை ஓர் எண் இருக்கும். அது ஜெர்மானியத் தரமுறை. சரிவை மெல்ல உயர்த்திக்கொண்டே போய் ஆள் எந்தக் கோணத்தில் வழுக்குகிறார் என்று பார்க்கிறார்கள். ஆர் 10 என்றால் 10 முதல் 19 டிகிரி, ஆர் 11 என்றால் 19 முதல் 27 டிகிரி. இதில் நமக்கு ஒரு சிக்கல். அந்தச் சோதனையை எண்ணெய் ஊற்றிய தரையில், வேலைக்காரர்கள் போடும் பூட்ஸோடு செய்கிறார்கள். வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனிச் சோதனை இருக்கிறது. சோப்புத் தண்ணீர் ஓடும் தரையில் நடந்து பார்ப்பது. ஏ 12 டிகிரி, பி 18, சி 24. நீச்சல் குளத்தைச் சுற்றிப் போடுவது பி. நம் முற்றத்துக்கும் அதுதான் அளவு. கடைக்காரர் ‘ஆன்டி ஸ்கிட் சார்’ என்று சொல்வதோடு விட்டுவிடாமல் இந்த எழுத்தைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் கம்பெனி அட்டவணையில் இருக்கும்.

அதற்காக ஆர் 13க்குத் தாவ வேண்டாம். அவ்வளவு சொரசொரப்பில் செம்மண் தூசி போய் உட்கார்ந்தால் எந்த மாப்பும் எடுக்காது. குழந்தைகளின் முட்டியும் சிராய்க்கும். ஆர் 11, வெறுங்காலுக்கு பி. இந்த இரண்டும் சேர்ந்து கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது தடிமன். 20 மி.மீ. போர்சலின் இப்போது பெருமைப் பொருளாகிவிட்டது. 2 அடிக்கு 2 அடி பலகை ஒன்று ஏறக்குறைய 17 கிலோ இருக்கும். மணல்மீதோ ஜல்லிமீதோ ஒட்டாமல் பரப்பவும், பிளாஸ்டிக் கால்கள்மேல் தூக்கி நிறுத்தவும் ஏற்பட்ட வகை அது. காங்கிரீட் படுகைமேல் பசை போட்டு ஒட்டப்போகிறீர்கள் என்றால் 10, 12 மி.மீ. தாராளம், மிச்சப் பணத்தை நல்ல பசையில் போடுங்கள். கால்கள்மேல் நிறுத்தும் முறையைப் பூட்டிக் கிடக்கும் வீட்டில் நினைக்கவே வேண்டாம். அடியில் சருகு சேரும், சருகில் தேள் குடியேறும்.

பார்க்கிங் டைல்ஸ்

விலையில் இதுதான் கீழே. 1 அடிச் சதுரம், தடிப்பான உடம்பு, மேலே கட்டம் கட்டமாகவோ கூழாங்கல் மாதிரியோ புடைப்பு. கார் ஏறி இறங்கும் போர்டிகோவுக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் முற்றத்தில் அந்தப் புடைப்புகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கும், அழுக்கு கறுத்துப்போகும். வற்றல் காயப்போட்டால் பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும். கோலம் போட்டால் கோடு உடையும். வெறுங்காலில் கொஞ்ச நேரம் நின்று பேசினாலே பாதம் உறுத்தும். எல்லாக் கம்பெனியும் இதைப் போர்சலின் அளவுக்குச் சுடுவதில்லை. பின்பக்கம் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாருங்கள்; உறிஞ்சினால் அது வேறு ஜாதி.

ஆத்தங்குடிக் கல்

இதைப் பற்றிப் பேசும்போது நம்மவர்களுக்குப் பாசம் முன்னால் வந்துவிடும். எனக்கும் அப்படித்தான். கண்ணாடித் தகட்டின்மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சுக்குள் வண்ணச் சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த கலவையும் அதன்மேல் ஈரச் சாந்தும் போட்டு இழுக்கிறார்கள். அப்புறம் தண்ணீரில் பல நாள் ஊறல். சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. அந்தப் பளபளப்பு முழுக்கக் கண்ணாடியிலிருந்து வந்தது. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க மெருகு ஏறும். சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுத் துடைத்தால் இன்னும் ஏறும்.

வீட்டுக்குள் இதற்கு நிகர் இல்லை என்றே சொல்வேன். வானத்துக்குக் கீழே போடக் கூடாது என்றும் அதே அழுத்தத்தோடு சொல்வேன். இது அடிப்படையில் சிமெண்ட், தண்ணீர் குடிக்கும். மழை பட்டுப் பட்டு மேல் மெருகு அரித்துப்போகும். அதற்கு முன்பு, மெருகு இருக்கும் வரை, ஈரத்தில் வழுக்கும். காவிச் சிவப்பும் மஞ்சளும் வெயிலை ஓரளவு தாங்கும். நீலமும் பச்சையும் எந்தச் சாயம் கலந்தார்களோ அதைப் பொறுத்து வெளுக்கும். எலுமிச்சை, புளித்தண்ணீர், ஆசிட் எது பட்டாலும் வடு. ஆள் இல்லாத வீட்டில் துடைக்கவும் கை இல்லை.

பழைய வீடுகளைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. பெரும்பாலான வீடுகளில் தூண் வரிசைக்குள், கூரை இருக்கும் சுற்றுப் பத்தியில் ஆத்தங்குடி இருக்கும்; ஒரு படி இறங்கி மழை விழும் முற்றத்தில் கருங்கல் பலகை இருக்கும். அந்தக் கோட்டை அழித்துவிட்டு முற்றம் முழுக்கப் பூக்கல்லை ஒட்டுவது இப்போதைய மோகம். ஆத்தங்குடிப் பூவை அச்சடித்த போர்சலினும் கடையில் கிடைக்கிறது. தூரத்தில் இருந்து பார்க்கச் சரிதான். பக்கத்திலேயே அசல் கல் இருக்கும் வீட்டில் அது உறுத்தும். முற்றத்துக்கு வெறும் சாம்பலோ சந்தன நிறமோ போட்டால் உள்ளே இருக்கும் பூ இன்னும் எடுத்துக்காட்டும்.

தட்டோடும் கருங்கல்லும்

தட்டோடு சுட்ட மண். 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும். அதுவே அதன் பலம், அதுவே பலவீனம். குடித்த தண்ணீர் ஆவியாகும்போது தளம் குளிர்கிறது. மண் லேசாக இருப்பதால் சூட்டைக் காலுக்கு மெதுவாகத்தான் கொடுக்கிறது. மொட்டை மாடியில் தாத்தா காலத்திலிருந்து இதைப் பதித்ததற்குக் காரணம் உண்டு. ஆனால் மழைக்காலத்தில் பச்சைப் பாசி, கோடையில் போர்த் தண்ணீர் பட்ட இடமெல்லாம் வெள்ளை உப்பு. மாடிக்கு இன்றைக்கும் நல்லது. நாலு பேர் நடக்கும் முற்றத்துக்கு, வீட்டில் குடியிருந்து தேய்க்க ஆள் இருந்தால் மட்டும்.

கருங்கல் நூறு வருஷம் கிடக்கும், சந்தேகமில்லை. உளியால் கொத்திய கல் வழுக்காது. பந்தல் போட்டு அண்டாவை இழுத்தாலும் கவலையில்லை. இருக்கிற பழைய கல்லைப் பெயர்த்துப் போட்டுவிட்டு டைல் ஒட்டுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பெயர்த்து, வாட்டம் (தண்ணீர் ஓடும் சரிவு) சரிசெய்து, அதே கல்லைத் திரும்பப் பதியுங்கள். புதிதாக வாங்குவதென்றால் கூலியும் வண்டி வாடகையும் கனக்கும், கொத்தத் தெரிந்த கைகளும் குறைவு. மெஷினில் அறுத்துப் பாலிஷ் போட்ட கிரானைட் ஈரத்தில் கண்ணாடி. கடப்பாக் கல் பக்கமே போக வேண்டாம்: கறுப்பு, வெயிலில் அடுப்புக்கல், சில வருஷத்தில் ஏடு ஏடாகப் பெயரும்.

சூடு

பங்குனி, சித்திரை மதியம் 2 மணிக்கு எந்தத் தளத்திலும் வெறுங்காலில் நிற்க முடியாது. ‘கூல்’ என்று பெயர் வைத்தாலும் முடியாது. வித்தியாசம் தெரிவது காலை 10 மணிக்கும் மாலை 5 மணிக்கும். அடர்த்தியான பொருள் தன் சூட்டைக் காலுக்குள் வேகமாக இறக்கும். அதனால் ஒரே சூட்டில் இருந்தாலும் கருங்கல் முதலில் சுடும், அடுத்து போர்சலின், கடைசியில் தட்டோடு. ஆனால் பொருளைவிட நிறம்தான் பெரிய விஷயம். கரும்சாம்பல் போர்சலினுக்கும் வெளிர் சந்தன நிறப் போர்சலினுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கால் உடனே சொல்லிவிடும். தும்பைப்பூ வெள்ளையும் வேண்டாம். கண் கூசும், செம்மண் தூசி காட்டிக்கொடுக்கும். மாதிரிக்கு இரண்டு நிறத்தில் ஒவ்வொரு டைல் வாங்கி வந்து முற்றத்தில் வெயிலில் போட்டு ஏறி நில்லுங்கள். அப்படியே சோப்புத் தண்ணீர் ஊற்றி ஈரக்காலால் தேய்த்தும் பாருங்கள்.

பதிப்பது

நல்ல டைல் கெட்டுப்போவது இங்கேதான். போர்சலின் தண்ணீர் குடிக்காது என்றால் சிமெண்ட் பாலையும் குடிக்காது. வழக்கமான சாந்தில், சிமெண்ட் பால் தடவிப் பதித்தால் அன்றைக்குப் பிடித்த மாதிரி இருக்கும். இரண்டு கோடை கழிந்ததும் தட்டினால் டொம் டொம் என்று கேட்கும். பாலிமர் கலந்த டைல் பசை வேண்டும், வெளிப்புறத்துக்கு என்று பையில் எழுதியிருக்க வேண்டும். நாலு மூலையும் நடுவும் உருண்டை வைத்து அமுக்கும் வேலையை விடவே கூடாது. பல் கரண்டியால் முழுப்பரப்பும் இழுக்கச் சொல்லுங்கள். வெற்றிடத்தில் மழைத் தண்ணீர் நின்றால், வெயிலில் அது டைலைத் தூக்கும்.

இடைவெளியும் முக்கியம். இரவுக்கும் மதியத்துக்கும் தளத்தின் சூடு 40 டிகிரி மாறினால், 3 மீட்டர் நீளப் போர்சலின் ஏறக்குறைய 0.8 மி.மீ. நீளும். இடம் இல்லாவிட்டால் நடுவில் கூரை மாதிரி எழும்பி நிற்கும். டைலுக்கு டைல் 5 மி.மீ. விடுங்கள், 3 மீட்டருக்கு ஒரு தடவையும் சுவர், தூண் ஓரங்களிலும் சிமெண்டுக்குப் பதிலாக இழுபடும் சீலன்ட் வையுங்கள். இடைவெளிப் பூச்சுக்குச் செம்மண்ணை ஒட்டிய நிறம் எடுத்தால் நல்லது. வெள்ளை எப்படியும் சிவப்பாகத்தான் ஆகும். வேலை முடிந்ததும் ஆசிட் ஊற்றிக் கழுவுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. போர்சலின் தாங்கும், பூச்சு தாங்காது. பக்கத்துப் பத்தியில் ஆத்தங்குடி இருந்தால் அதுவும் போச்சு.

வாட்டம் 10 அடிக்கு ஒன்றரை அங்குலம். டைல் ஒட்டும் முன், படுகை போட்ட மறுநாளே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி அது கழிவு வாய்க்குப் போகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு சரிசெய்ய வழியில்லை.

என் தேர்வு இப்படி: கருங்கல் ஏற்கெனவே இருந்தால் அதையே வைத்துக்கொள்வேன். இல்லாவிட்டால் பூட்டிக் கிடக்கும் வீட்டு முற்றத்துக்கு வெளிர் நிறப் போர்சலின், கூரைக்குக் கீழே ஆத்தங்குடி, மாடிக்குத் தட்டோடு, காருக்குப் பார்க்கிங் டைல்ஸ். குடியிருக்கிற வீடு, தேய்க்க ஆளும் உண்டு என்றால் பின்கட்டுக்குத் தட்டோட்டையும் யோசிக்கலாம்.

எதை வாங்கினாலும் பெட்டிகள் எல்லாவற்றிலும் ஷேடு எண் ஒன்றுதானா என்று கடையிலேயே பார்த்துவிட்டு, ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பின்கட்டு அறையில் வைத்துவிடுங்கள். நாலு வருஷம் கழித்து ஒரு டைல் உடைந்தால் அதே நிறம் எந்தக் கடையிலும் கிடைக்காது.